கீழ் லேபின் பாஸ்வேர்ட்

திரையில் அதே வரி. நவம்பரில் இருபது பிள்ளைகள் இருபது திரைகளில் பார்த்த அதே வரி, கே.வி.எம். கிடைக்கவில்லை என்று, ஒரு எழுத்துப் பிசகாமல் இப்போது எனக்கும் வந்திருக்கிறது. சனிக்கிழமை காலை பத்தே கால். பாலிடெக்னிக்குக்கு விடுமுறை, திங்கட்கிழமை பிள்ளைகள் இங்கே வர இருப்பதால் மெஷின்களைத் தயார் செய்ய வந்திருக்கிறேன், கீழ் லேபில் நான் ஒருத்திதான், செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்த கால்களில் தரையின் குளிர்ச்சி ஏறுகிறது. ஒன்றாம் நம்பர் மெஷினில் நானே என் கையால் லினக்ஸ் போட்டிருக்கிறேன், ஒவ்வொரு படியையும் தாளில் எழுதி வைத்து, முடிய முடிய டிக் அடித்து. மாணவர் கணக்கை கே.வி.எம். குழுவில் சேர்க்கும் படியை மட்டும் இரண்டு முறை செய்தேன். இசக்கித்துரை அதைச் செய்யாமல் விட்டதால்தான் செய்முறைத் தேர்வு நின்றுபோனது என்று அறிக்கையில் இருக்கிறதே, அதனால். அந்த அறிக்கையை எழுதியவள் நான். சண்முகவடிவு, ஆய்வகப் பொறுப்பாளர் என்று கீழே கையெழுத்தும் இருக்கிறது. இப்போது எல்லாம் செய்தாகிவிட்டது, எதுவும் விடவில்லை, வர்ச்சுவல் மெஷின் எழும்பவில்லை. நான் போட்டதே எழும்பவில்லை என்றால் அவன் போட்டதில் தப்பு இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும். இல்லை, இரு, அவசரப்படாதே, இது வேறு ஏதாவதாக இருக்கும். வேறு ஏதாவதாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் என்று முதல் வகுப்பில் சொல்வேன். சொந்த வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி வாடகைக்கு விடுகிற மாதிரி, உள்ளே இருக்கிறவர்களுக்கு அது தனி வீடு, அதுதான் வர்ச்சுவல் மெஷின். பிள்ளைகள் சிரிப்பார்கள். லினக்ஸில் அந்த அறையை அமைத்துத் தருவது கே.வி.எம்., அதற்கு வழி விட வேண்டியது பிராசசர். பிராசசருக்கு அந்தத் திறமை இருந்தால் மட்டும் போதாது, மெஷின் முழித்ததும் முதலில் ஓடுகிற பயாஸ் அமைப்பில் அதைத் திறந்து வைத்திருக்கவும் வேண்டும். இதையும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், வருஷா வருஷம், கரும்பலகையில் கட்டம் போட்டு. தெரியாதவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. பிராசசரின் விவரங்களைக் கேட்டால் திறமை இருக்கிறது என்கிறது. அதற்கான மாட்யூலை ஏற்றச் சொன்னால் முடியாது என்கிறது. ஏன் முடியாது? மெஷின் தொடங்கும்போது தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்கிற பதிவு ஒன்று இருக்கிறது, அதில் தேடினால் தெரியும். தட்டச்சு செய்ய விரல்கள் விசைப்பலகை மேல் இருக்கின்றன. தட்டவில்லை. பேச்சியம்மாள் துடைப்பத்தோடு உள்ளே வந்து, "என்ன டீச்சர், அந்தாக்குல திரையையே பாத்துக்கிட்டு இருக்கிய, ரிப்பேரா?" என்றாள். "ஆமா பேச்சி, எழும்ப மாட்டேங்கு." "தொரை தம்பி இருந்தா இந்நேரம் தட்டிக் குடுத்து எழுப்பிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மேசைகளுக்கு அடியில் குனிந்தாள். மூன்று மாதத்தில் இந்தக் கட்டடத்தில் அவன் பெயரைச் சத்தமாகச் சொன்ன முதல் ஆள் அவள். நாங்கள் யாரும் சொல்வதில்லை. பழைய லேப் அசிஸ்டென்ட் என்போம், அந்தக் கான்ட்ராக்ட் பையன் என்போம். அவள் போகும்வரை காத்திருந்து பதிவில் தேடினேன். ஒரே ஒரு வரி வந்தது. பயாஸால் முடக்கப்பட்டுள்ளது.

மே மாதம். அதை நினைக்க வேண்டாம் என்று நினைக்கும்போதே புழுக்கம் முதலில் வந்துவிடுகிறது, மின்விசிறி ஓடாத மதியம், கழுத்துக்குப் பின்னால் வழிகிற வேர்வை, திறந்த பெட்டிகளிலிருந்து வந்த சூடான தூசி வாடை. இந்த இருபது மெஷின்களும் பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கியவை. ஒவ்வொரு நாளும் காலையில் போட்டால் தேதி பழைய வருஷத்து ஜனவரி ஒன்றுக்குப் போய் நிற்கும், உள்ளே இருக்கிற காசு மாதிரியான பேட்டரி செத்துப்போனால் அப்படித்தான். விடுமுறையில் நானே உட்கார்ந்து இருபதுக்கும் மாற்றினேன். பழைய பேட்டரிகளை ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டேன், டிங், டிங் என்று விழுந்தன. இரண்டு நாள் வேலை. பேட்டரி செத்தாலும் கழற்றினாலும் பயாஸில் செய்து வைத்த அமைப்பெல்லாம் போய், கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். கடையில் வாங்கியபோது இந்த மெஷின்களில் அந்த வசதி மூடித்தான் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் இசக்கித்துரை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொன்றாகப் போய்த் திறந்து வைத்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இருபதையும் முடித்துவிட்டு வந்து கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். நான் மே மாதம் தேதியைச் சரி செய்தேன், நேரத்தைச் சரி செய்தேன், அழிந்துபோன பயாஸ் பாஸ்வேர்டைப் புதிதாகப் போட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. பதிவேட்டில் கடிகாரம் சரிசெய்யப்பட்டது என்று எழுதினேன். புது பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று இல்லை, யாரும் கேட்கவில்லை. இல்லை, ஒருத்தன் கேட்டான்.

பிள்ளைகள் பயிற்சி எல்லாம் மேல் லேபில்தான் செய்தார்கள். நவம்பர் மழையில் மேல் லேபின் கூரை ஒழுகி, மேசை மேலெல்லாம் வாளி வைத்திருந்தது. தேர்வுக்கு முந்தின நாள் காலையில் துறைத்தலைவர் ஜெபமணி சார் வந்து, கீழ் லேபுக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இருபது மெஷினிலும் புதிதாக லினக்ஸ் போட வேண்டும், வர்ச்சுவல் மெஷின் கோப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும். இசக்கித்துரை மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. ஐந்தரைக்கு வந்து, "மேடம், போட்டு முடிச்சிட்டேன். ஒண்ணே ஒண்ண ஓட்டிப் பாத்துட்டுப் பூட்டுதேன்" என்றான். எனக்கு ஐந்து நாற்பது பஸ். அதை விட்டால் ஒரு மணி நேரம் மழையில் நிற்க வேண்டும், லேபைப் பூட்டிச் சாவியை நான்தான் கொண்டுபோக வேண்டும். "காலைல பாத்துக்கிடலாம்ப்பா" என்றேன். காலையில் வெளித்தேர்வாளர் அரை மணி முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் இருபது பிள்ளைகள், இருபது திரைகள், அதே வரி. முன் வரிசையில் ஒரு பெண் பிள்ளை அழத் தொடங்கியது. இசக்கித்துரை ஓடி வந்து என் மேசைப் பக்கம் குனிந்து, "மேடம், பயாஸ்ல என்னமோ இருக்கு. பாஸ்வேர்ட் மட்டும் சொல்லுங்க, மெஷினுக்கு அஞ்சே நிமிஷம், எல்லாத்தையும் சரி பண்ணிருதேன்" என்றான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக இருந்தது. வெளித்தேர்வாளர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "எக்ஸாம் நேரத்துல அதையெல்லாம் தொடக்கூடாது. நீ போட்டதுல என்ன விட்டுப்போச்சுன்னு பாரு." அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒரு தரம்தான் பார்த்தான். போய்விட்டான்.

அதற்கு முன்னால் ஒரு அரை நொடி. பயாஸ் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததற்கும் நான் வாய் திறந்ததற்கும் நடுவில். அந்த அரை நொடியில் எவர்சில்வர் தட்டு வந்ததா? வந்தது என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றுவதால் அப்போது வந்தது என்று ஆகிவிடுமா. பயத்தில் இருந்தேன், மூளையில் எதுவும் ஓடவில்லை என்று என் கணவரிடம் அன்றைக்குச் சொன்னேன். அவர் எதையும் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் சொன்னேன்? வெளித்தேர்வாளர் முன்னால் அவன் பயாஸுக்குள் போயிருந்தால், வசதி மூடிக் கிடப்பதைப் பார்த்திருந்தால், யார் மூடினார்கள் என்று கேட்டிருப்பார்கள், பாஸ்வேர்ட் யாரிடம் இருந்தது என்று கேட்டிருப்பார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஜெபமணி சார் ஜூனில் ஓய்வு, அடுத்து அந்தப் பதவிக்கு என் பெயர்தான் போகிறது. இதையெல்லாம் அரை நொடியில் ஒருத்தி நினைக்க முடியுமா? நினைக்க வேண்டியதே இல்லை, கை தானாகச் சேலையைச் சரி செய்துகொள்ளவில்லையா, அதுபோல வாய் தானாகச் சொல்லிவிடும். தேர்வு இரண்டு வாரம் தள்ளிப்போய், கூரையை அடைத்து மேல் லேபிலேயே நடந்தது. எல்லாப் பிள்ளைகளும் எழுதினார்கள், அழுத பெண்ணும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். அவன் ஒப்பந்தத்தை மட்டும் நீட்டிக்கவில்லை. ஜெபமணி சார் அறிக்கை கேட்டார். நான் வெறும் சந்தேகத்தைத்தான் எழுதினேன், பயனர் அனுமதிகள் முறையாக வழங்கப்படாமல் இருந்திருக்கலாம் என்று. அவர் 'இருந்திருக்கலாம்' என்பதை அடித்துவிட்டு 'இருந்ததே காரணம்' என்று திருத்தி, "இப்படிப் போடுங்க, அழுத்தமா இருக்கட்டும்" என்றார். நான் திருத்திய பிரதியில் கையெழுத்துப் போட்டேன். மெஷின்களைத் திறந்து பார்த்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. நான் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு மூன்று மாதம் இருந்தது. கீழ் லேபுக்கே வராமல் இருந்தேன், கழிப்பறைக்குப் போவதற்குக்கூட மறுபக்கப் படிக்கட்டில் சுற்றிப் போனேன். ஒன்றும் தெரியாதவள் எதற்குச் சுற்றிப் போகிறாள்.

மெஷினை அணைத்துப் போட்டு, விசையை அழுத்திப் பிடித்தேன். நீலத் திரை. பாஸ்வேர்டைத் தட்டினேன், என் மகள் பிறந்த தேதி. இரண்டு பக்கம் தள்ளி, பிராசசர் அமைப்புகளில் ஐந்தாவது வரி, மூடி இருந்தது. திறந்தேன். சேமித்தேன். இந்த மாற்றம் செய்தால் மின்சாரத்தையே துண்டித்துவிட்டுப் போட வேண்டும், வெறுமனே மறுபடி தொடங்கினால் சில மெஷின்கள் ஏற்காது. ஒயரைப் பிடுங்கி, முப்பது எண்ணி, மறுபடி மாட்டினேன். எழும்பியது. டெர்மினலில் அதே கட்டளையைக் கொடுத்தேன், வர்ச்சுவல் மெஷின் ஒரு சின்னச் சன்னலாக விரிந்து, அதற்குள் எழுத்துகள் ஓட ஓட, ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் கண் திறந்தது. நாலு நிமிஷம் ஆகியிருக்கும். அவன் அஞ்சு நிமிஷம் என்றான். நெஞ்சில் முதலில் வந்தது சந்தோஷம், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சரியாகிவிட்டது என்கிற வெறும் சந்தோஷம், இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு மெஷின் எழும்பும்போதும் வருகிறது. அடுத்ததாக வந்தது, இன்னும் பத்தொன்பதுதான் என்கிற கணக்கு. ஒரு மெஷினுக்கு நாலு நிமிஷம் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும். திங்கட்கிழமை பிள்ளைகள் வருவார்கள், எல்லாம் ஓடும். பயாஸ் எதை எப்போது யார் மாற்றினார்கள் என்று எழுதி வைப்பதில்லை. திறந்தால் திறந்தது, அவ்வளவுதான். இது மூடிக் கிடந்தது என்பதற்கு இந்த உலகத்தில் வேறு சாட்சியே இல்லை. எழுந்து இரண்டாம் நம்பருக்குப் போனேன். நீலத் திரை, பாஸ்வேர்ட், இரண்டு பக்கம், ஐந்தாவது வரி. விரல் விசை மேல் இருந்தது. வெளியே பேச்சியம்மாள் குழாயடியில் வாளியைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. விரலை எடுத்துவிட்டுக் கைப்பையிலிருந்து போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தேன். மூலையில் தேதியும் நேரமும் விழுகிற மாதிரி. அப்புறம் மூன்றாம் நம்பர். அப்புறம் நாலு. எதையும் திறக்கவில்லை, எதையும் சேமிக்கவில்லை, படம் மட்டும் எடுத்தேன். பத்தொன்பது படங்கள்.

அவன் எண் இன்னும் போனில் 'இசக்கி லேப்' என்றுதான் இருக்கிறது. மணி ஒன்று. கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற கடை ஒன்றில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். ஏணி மேல் நின்றுகொண்டிருப்பானோ, எடுக்க மாட்டானோ. எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டான். "சொல்லுங்க மேடம்." வாயில் சோறு இருக்கிற குரல். "சாப்பிடுதியா? அப்புறம் பேசட்டுமா?" "பரவால்ல, வீட்லதான் இருக்கேன். சொல்லுங்க." நான் சொன்னேன். யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது, பேட்டரி என்றேன், மே மாதம் என்றேன், கடைசியில், "ஒன் மேல தப்பே இல்லப்பா. பயாஸ்ல நான்தான் விட்டுட்டேன். இன்னைக்குத்தான் பாத்தேன், படம் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்" என்று முடித்தேன். வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினான். பிறகு, "அது எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம்" என்றான். குரலில் கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒண்ணு மட்டும் கேக்கேன். பாஸ்வேர்ட் கேட்டேன்லா, அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?" நான் உடனே சொன்னேன், "தெரியாதுப்பா. சத்தியமாத் தெரியாது." அவன் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அது என் வாயிலிருந்து வந்துவிட்டது, கீழ் லேபில் நின்றுகொண்டு, பத்தொன்பது படங்களைக் கையில் வைத்துக்கொண்டு. "சரி மேடம்" என்றான். "நீங்க சொன்னத எங்கப்பாட்ட ஒரு தடவ சொல்லிருங்க. இங்கதான் இருக்காவ." நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

"ஆரும்மா பேசுதது?" வயசான குரல், தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஐயா, நான் சண்முகவடிவு. பாலிடெக்னிக்ல லேப் பொறுப்புல இருக்கேன். நவம்பர்ல தேர்வு நின்னது இசக்கித்துரையால இல்லைங்கய்யா. நான் ஒரு வேலை செய்யும்போது விட்டுட்டேன். அவன் கேட்டான், நான் பாக்க விடல. பழி அவன் மேல வந்திருச்சு." அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம். பிறகு மிகவும் மெல்ல, மகனுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல, அல்லது வாசல் பக்கம் வந்துவிட்டாரோ என்னவோ, "அன்னைக்கு நான் அவனக் கைநீட்டிட்டேன்ம்மா" என்றார். "முப்பது வயசு ஆகப் போகு. அவனால ஒரு வேலையையும் உருப்படியாச் செய்ய முடியலன்னு சொல்லி அடிச்சுட்டேன். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசல பாத்துக்கிடுங்க. நான் செய்யலப்பான்னுகூடச் சொல்லல." மன்னிச்சிருங்க என்றேனா, சொல்லவில்லையா, நினைவில்லை. அவர்தான் பேசினார். "இத எழுதிக் குடுப்பியளா?" "குடுக்கேன்யா. இன்னைக்கே பிரின்சிபாலுக்கு எழுதிக் குடுத்துருதேன்." "அவுகளுக்குக் குடுங்க. எனக்கும் ஒண்ணு தனியா எழுதுங்க. எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

பதிவேட்டின் பின்பக்கத்திலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்தேன். பசி வயிற்றைக் கிள்ளுகிறது, டப்பாவில் புளியோதரை இருக்கிறது, திறக்க மனசில்லை. ஐயா என்று எழுதினேன். முதல்வருக்கு எழுதுவதும் அப்படித்தான் தொடங்கும், அதை இதற்கு அப்புறம் எழுதலாம், அது சுலபம், தேதி இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, நடந்ததை வரிசையாகப் போட்டால் போதும். இது சுலபமில்லை. மே மாதம் பேட்டரி மாற்றியதை எழுதினேன். தேர்வுக்கு முந்தின நாள் அவன் ஓட்டிப் பார்க்கிறேன் என்றதையும் நான் பஸ்ஸுக்குப் போனதையும் எழுதினேன். அவன் பாஸ்வேர்ட் கேட்டதை எழுதினேன். கொடுக்கவில்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே நெடுநேரம் பேனா நின்றது, மை ஒரு புள்ளியாக ஊறித் தாளின் மறுபக்கம் வரை போயிற்று. பக்கத்தில் ஒன்றாம் நம்பர் மெஷினில் அந்தச் சின்னச் சன்னல் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டபடி துடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு மதியம் உங்கள் மகன் என்னிடம், அப்போதே உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான், நான் தெரியாது என்று சொன்னேன், என்று எழுதினேன். அதற்கு அடுத்து ஒரே ஒரு சொல் எழுதினேன். தெரியும்.